ஆகனுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

ஜெர்மனியின் மேற்கு எல்லையில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் பேருந்திலேயே போய்த் திரும்பும் தூரத்தில் இருக்க, அமைந்திருக்கும் ஊர் ஆகன். சார்லிமேன் பேரரசர் வாழ்ந்து மறைந்த இடம். அவர் எழுப்பிய தேவாலயம் 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. நம் பிள்ளைகளுக்கு இந்த ஊரைத் தெரிவதெல்லாம் ஆர்.டபிள்யூ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தால்தான். கோவையிலும் திருச்சியிலும் மதுரையிலும் பொறியியல் முடித்துவிட்டு, இயந்திரவியலும் வாகனத் தொழில்நுட்பமும் உலோகவியலும் மேற்படிப்பாகப் படிக்க ஆண்டுதோறும் வருகிறார்கள்.

நான் இந்த ஊரில் நெடுங்காலமாக வாழ்கிறேன். வந்த பிள்ளைகளில் சிலர் தடுமாறியதைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். படிப்பு வராமல் தடுமாறியவர்கள் குறைவு. ஒன்றைத் தள்ளிப்போட்டோ யாரிடமும் சொல்லாமல் மறைத்தோ தடுமாறியவர்களே அதிகம். முன்கூட்டிச் சொல்பவருக்கு இந்த நாடு வழி விடும். காலம் கடந்து சொல்பவருக்கு, உதவ மனம் இருக்கும் அதிகாரியும் கையை விரித்துவிடுவார். கீழே எழுதியிருப்பதையெல்லாம் இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

1. அனுமதிக் கடிதம் வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பியுங்கள்.

விசா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கல்லூரியில் இடம் கிடைத்தால் ஹாஸ்டலிலும் இடம் உண்டு என்பது நம் ஊர் வழக்கம். இங்கே விடுதிகளை ஸ்டுடீரண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு நடத்துகிறது. காத்திருப்போர் பட்டியல் நீளமானது, பல மாதங்கள் ஆகலாம். அதனால் தனியார் அறையையும் கூடவே தேடுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து வாழும் வீட்டை இங்கே 'வேகே' என்பார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள்தான் புதியவரைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் மதிப்பெண்ணைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. எப்போது தூங்குவீர்கள், என்ன சமைப்பீர்கள், குளியலறையைக் கழுவுவீர்களா என்பதே அவர்களுக்குத் தெரியவேண்டும். எழுதும் கடிதத்தில் அதைச் சொல்லுங்கள்.

'வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்' என்று யாராவது சொன்னால் அது மோசடி. வேறு விளக்கம் தேடவேண்டாம். நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ அறையை நேரில் பார்க்கும் வரை ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். 'கௌட்ஸியோன்' எனப்படும் முன்பணம், வெப்பச் செலவு சேராத வாடகையின் மூன்று மாதத் தொகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று மாதத் தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இது தெரியாமல் ஊரில் நகையை அடகு வைத்து மொத்தமாகக் கட்டும் குடும்பங்கள் உண்டு.

எல்லைக்கு அந்தப் பக்கம், நெதர்லாந்தின் ஃபால்ஸ் ஊரில் அறை எளிதாகக் கிடைக்கிறது, ஆகன் பேருந்தே போகிறது என்று சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்து மாணவர்களுக்கு அது சரி. உங்கள் விசா ஜெர்மனியில் வசிப்பதற்கு. அங்கே குடியிருக்க அந்த நாட்டின் அனுமதி தனியாக வேண்டும்.

2. இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யுங்கள். பெயரை எங்கும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

'அன்மெல்டுங்' எனும் இந்தப் பதிவுதான் இங்கே உங்கள் வாழ்க்கையின் அடித்தளம். குடிபுகுந்த நாளிலிருந்து இரண்டு வாரம் கெடு. நீங்கள் அங்கே குடியிருப்பதாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். 'அறை தருகிறேன், ஆனால் பதிவு செய்யக் கூடாது' என்று சொல்லும் இடத்தில் நிரந்தரமாகத் தங்கத் திட்டமிடாதீர்கள். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதியும் சிக்கலாகும். நண்பனின் முகவரியில் குடியிருப்பதுபோல் பொய்யாகப் பதிவதும் குற்றம். பதிவுக்கு நேரம் உடனே கிடைக்காவிட்டால் பயப்படாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் நேரம் கேட்டு முன்பதிவு செய்த சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் தொல்லை இது. ஒருவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. இன்னொருவருக்கு அப்பாவின் பெயர் அங்கே போயிருக்கிறது. மற்றொருவருக்கு ஒற்றை எழுத்து இனிஷியலே குடும்பப் பெயராகிவிட்டது. பல்கலைக்கழகம் ஒரு வரிசையிலும் காப்பீட்டு நிறுவனம் ஒரு வரிசையிலும் வங்கி இன்னொரு வரிசையிலும் எழுதிக்கொண்டால், மூன்று கணினிகளுக்கும் நீங்கள் மூன்று ஆட்கள். முடிந்தால் ஊரிலிருந்து கிளம்புமுன்பே, விசாவுக்கும் சேர்க்கைக்கும் விண்ணப்பிப்பதற்கு முன்னால், பாஸ்போர்ட்டில் இரண்டு இடமும் நிரம்பியிருக்கும்படி திருத்திக்கொள்ளுங்கள். அதன்பின் எந்தப் படிவத்திலும் ஓர் எழுத்தும் மாற்றாதீர்கள்.

அதே பெயரைத் தபால்பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். இங்கே கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே தபாலில் வருபவை.

3. வந்த கடிதத்தை வந்த அன்றே பிரியுங்கள்.

எனக்குத் தெரிந்து, பிரிக்காத உறைகளால் பட்ட கஷ்டம் போல வேறெதனாலும் நம் பிள்ளைகள் பட்டதில்லை. ஜெர்மனில் இருக்கிறது, புரியவில்லை, பரீட்சை முடியட்டும் என்று மேசை மூலையில் போடுகிறார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.

முகவரி பதிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. 'என்னிடம் டிவி இல்லையே' என்பது பதிலாகாது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பது விதி. சேர்ந்து வாழும் வீட்டில் வேறொருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள், முடிந்தது. பதிலே எழுதாதவருக்கு நிலுவை ஏறிக்கொண்டே போகும். அரசு அலுவலக முடிவு ஒன்று தவறு என்று தோன்றினால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். எத்தனை நாள் என்பது கடிதத்தின் அடியிலேயே அச்சாகியிருக்கும்.

கைப்பேசியால் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். பிறகும் ஐயம் இருந்தால் மூத்த மாணவரிடமோ மாணவர் பேரவையான ஆஸ்டாவிடமோ எடுத்துப் போங்கள். ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கி எல்லாத் தாளையும் துளையிட்டுச் சேருங்கள். எதையும் எறியாதீர்கள்.

4. முதல் இரண்டு மாதத்துக்குக் கூடுதல் பணம் கையில் வேண்டும்.

விசாவுக்காக முடக்குக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டு, மாதம் 992 யூரோ வீதம் எடுக்கும் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். அந்த 992இல் மருத்துவக் காப்பீட்டுக்கே சுமார் 140 போய்விடும். இங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகே முதல் தவணை கைக்கு வரும். அதற்குள் வாடகை, முன்பணம், பல்கலைக்கழகத்தின் அரையாண்டுக் கட்டணம், போர்வை, பாத்திரம் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

விலையை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறாரே என்று ரொட்டியும் முட்டையுமாக ஒரு குளிர்காலத்தைக் கழித்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. மாணவர் உணவகமான மென்ஸாவில் மாணவர் விலையில் சூடான சாப்பாடு கிடைக்கும். சைவமும் உண்டு. பகலில் அங்கே சாப்பிடுங்கள்.

ஒரு செலவை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். 'ஹாஃப்ட்ஃப்லிஹ்ட்' என்ற பொறுப்புக் காப்பீடு, மாதம் சில யூரோதான். விடுதிச் சாவியைத் தொலைத்தால் கட்டடத்தின் பூட்டுகளையே மாற்ற நேரலாம், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். சாவி தொலைவதையும் சேர்த்துக் காக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இங்கே கதவு சாத்தினாலே வெளியிலிருந்து திறக்க வராது என்பதையும் முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

5. தேர்வுக்குப் பதிவதும் விலகுவதும் உங்கள் பொறுப்பு.

வருகைப் பதிவேடு பெரும்பாலும் இல்லை, உள்மதிப்பீட்டு மதிப்பெண் பல பாடங்களுக்கு இல்லை, யாரும் உங்களைத் தேடவும் மாட்டார்கள். நான்கு மாதம் சுதந்திரம் போலத் தோன்றும். கடைசியில் ஒரே தேர்வு, முழு மதிப்பெண்ணும் அதில். 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சிக் கோடு. ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புகள். கட்டாயப் பாடத்தில் மூன்றிலும் தவறினால் படிப்பிலிருந்து நீக்கப்படுவீர்கள், ஜெர்மனியில் வேறெங்கும் அதே படிப்பில் சேரும் வழியும் அடைபடலாம்.

ஆகவே தயாராக இல்லையென்றால் கெடு தேதிக்குள் விலகிவிடுங்கள். அதில் அவமானம் ஏதுமில்லை, இங்குள்ள மாணவர்கள் எல்லாரும் செய்வதுதான். உடம்பு சரியில்லையென்றால் தேர்வு நாளிலேயே மருத்துவரிடம் சான்று வாங்கி உடனே அனுப்புங்கள். எழுதித் தோற்றபின் 'அன்றைக்குக் காய்ச்சல்' என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள். இரண்டாம் முறையும் தவறிவிட்டால் மூன்றாவதற்குத் தனியாகப் போய் நிற்காதீர்கள். பேராசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய், எங்கே தவறினேன் என்று கேளுங்கள். திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. நம் பிள்ளைகள் பயந்துகொண்டு அதற்குப் போவதே இல்லை.

வெளியிலிருந்து வந்தவர் என்று தயங்கவும் வேண்டாம். நீங்கள் பாடம் கேட்கப்போகும் கட்டடங்களில் ஒன்று கார்மான் அரங்கம். தியோடர் ஃபான் கார்மான் புடாபெஸ்டில் பிறந்தவர். 1913இல் இங்கே வந்து விமானவியல் நிறுவனத்தை உலகம் அறியச் செய்தவர். வெளியூரிலிருந்து வந்தவரின் பெயரைத்தான் ஆகன் தன் சுவரில் எழுதி வைத்திருக்கிறது.

6. குடியிருப்பு அனுமதி முடியுமுன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

காலாவதி ஆவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை நீங்கள் இங்கே இருப்பது சட்டப்படி சரி. அதற்கு ஓர் இடைக்காலச் சான்றும் கேட்டு வாங்கலாம். ஒரு நாள் பிந்தினாலும் நிலைமை வேறு. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். இந்தச் சான்று கையில் இருக்கும்போது ஊருக்குப் போய்வர முடியுமா என்பதை அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டபிறகு விமானச் சீட்டு எடுங்கள்.

7. படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜெர்மன் கற்றுக்கொள்ளுங்கள்.

வகுப்பறையும் நண்பர் கூட்டமும் ஆங்கிலத்தில் நடந்துவிடும். மருத்துவர் அறையின் வரவேற்பாளர், பேருந்து ஓட்டுநர், வீட்டுக்காரரின் அம்மா, நாளை வேலைக்கு எடுக்கப்போகும் சிறு நிறுவனத்தின் முதலாளி இவர்கள் யாரும் அந்த வட்டத்துக்குள் இல்லை. முதல் அரையாண்டில்தான் ஓரளவு நேரம் இருக்கும். அதைத் தவறவிட்டவர்கள் படிப்பு முடிந்து வேலை தேடும்போது மொழி வகுப்பில் போய் உட்காருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும், பதிவு திறக்கும் நாளைக் குறித்துவையுங்கள்.

எதிர்த்திசையில் இதே பயணத்தைச் செய்த ஒருவர் இருந்தார். ஜெர்மானியப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்க், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது தமிழில் ஒரு சொல் அறியாதவர். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். பத்தே ஆண்டில், 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. பிள்ளைகளோடு உட்கார அவர் கூச்சப்படவில்லை. நீங்களும் தப்பும் தவறுமாகப் பேசக் கூச்சப்படாதீர்கள். கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்வதில் தொடங்குங்கள். அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

8. வீட்டு ஒழுங்குகள் சில.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை சத்தம் கூடாது. குப்பையைப் பிரித்துப் போடுங்கள். பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டியை எறியாதீர்கள், கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும். குளிர்காலத்திலும் தினமும் சில நிமிடம் சன்னலை அகலத் திறந்து வையுங்கள். நாம் சமைக்கும் ஆவியில் சுவரில் பூஞ்சை பிடித்தால் முன்பணத்தில் கழிப்பார்கள். மிளகாய் தாளிக்கும்போதும் சன்னல் திறந்திருக்கட்டும், புகை உணர்வி அலறினால் தீயணைப்பு வண்டியே வந்துவிடலாம்.

9. ஈழத் தமிழர்களைத் தேடிப் போய்ப் பழகுங்கள்.

இந்த மாநிலத்தின் நகரங்களில் தமிழ்க்கடை என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது ஈழத்தவர் கடை. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் அங்கே கிடைக்கும். சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். 1980களில் தொடங்கி, போரிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் அவர்கள். கையில் விசாவும் கணக்கில் பணமும் இல்லாமல் வந்து, அகதி முகாமில் இருந்து, உணவகங்களில் தட்டுக் கழுவிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். இந்த நாட்டில் தமிழ் ஒலிக்க முதலில் இடம் உண்டாக்கியவர்கள் அவர்கள்தான். அண்ணா, அக்கா என்று மரியாதையோடு கூப்பிடுங்கள். அவர்கள் பேச்சை யாராவது கேலியாகப் பேசிக் காட்டினால் அந்த இடத்திலேயே கண்டியுங்கள். அவர்களே சொல்லாதவரை போரைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள்.

ஹாம் நகரின் யூன்ட்ரோப் பகுதியில் இருக்கிறது அவர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 2002இல் குடமுழுக்குக் கண்ட, கோபுரத்தோடு எழுந்த கோயில். கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஆகனில் ஏறும் ஆர்.இ.1 ரயில் கொலோன், டோர்ட்முண்ட் வழியாக ஹாம் வரை போகிறது. மாணவர் பயணச்சீட்டே போதும். சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் ஒருமுறை தேரன்று போய் வாருங்கள்.

10. பகுதிநேர வேலையை அளவோடு வையுங்கள்.

ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. அதற்குக் குறைத்துக் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். பிடிபட்டால் ஆபத்து உங்கள் அனுமதிக்கும் சேர்த்து. கிடங்கு வேலையைவிட, பேராசிரியரின் துறையில் 'ஹிவி' என்னும் மாணவ உதவியாளர் வேலை நல்லது. ஆய்வும் பழகும், ஆட்களும் பழக்கமாவார்கள்.

11. நவம்பரில் மனம் சோர்ந்தால் அதை நோயைப்போல் மதித்துச் சொல்லுங்கள்.

ஆகனில் மழை அதிகம். டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடும். வந்த புதுமையும் அப்போதுதான் தீர்ந்திருக்கும். வெளிச்சம் இருக்கும் நேரத்தில் தினமும் வெளியே நடங்கள். வாரத்தில் ஒருநாளாவது நாலு பேரோடு சேர்ந்து சமையுங்கள். பல்கலைக்கழக விளையாட்டு மையத்தில் ஏதாவது ஒன்றில் சேருங்கள்.

அதையும் மீறித் தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகப் பிடிக்காமல், படுக்கையிலேயே நாட்கள் போனால், அது சோம்பல் இல்லை. பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். அங்கே சொல்வது உங்கள் மதிப்பெண்ணையோ விசாவையோ தொடாது. வீட்டுக்கும் தெரியாது. நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 0800 1110111 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. அவசரமில்லாத காய்ச்சலுக்கு, மருத்துவர் அறைகள் மூடிய நேரத்தில் 116117. மூன்று எண்ணையும் இன்றே கைப்பேசியில் பதியுங்கள். உங்கள் அறைத்தோழர் இரண்டு நாளாக வெளியே வரவில்லையென்றால் கதவைத் தட்டுங்கள். தனிமையை மதிக்கும் நாடு என்று சொல்லிக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

12. வீட்டுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

அம்மா பயப்படுவார் என்று எல்லாப் பிள்ளைகளும் 'நல்லாயிருக்கேன்' என்றே சொல்கிறார்கள். ஒரு பாடம் தவறியதை மறைத்தால் அடுத்த ஆண்டு ஒரு முழு ஆண்டை மறைக்கவேண்டி வரும். படிப்பு இரண்டு ஆண்டு என்று தாளில் இருந்தாலும் இங்கே பலருக்கு அதற்கு மேல் ஆகிறது. கிளம்புமுன்பே பெற்றோரிடம் இதைச் சொல்லி வையுங்கள், கடன் தவணையையும் அதற்கேற்பத் திட்டமிடுங்கள். இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது இருந்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளையிடம் வேலை கிடைத்ததா என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

13. அடுத்த ஆண்டு வருபவருக்கு ஒருநாள் கொடுங்கள்.

குளிர்கால அரையாண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது, செப்டம்பரிலேயே புதியவர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களில் ஒருவருடைய முகவரிப் பதிவுக்குக் கூடவே போங்கள். படிவத்தில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் என்று காட்டிக் கொடுங்கள், தபால்பெட்டியில் பெயர் ஒட்டியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.